பொத்தான் டப்பாவில் பாதி அம்மா

ஜெர்மனி, பேருந்துப் பயணத்தின் நடுவில்
14 செப்டம்பர் 1987

அன்புள்ள அப்பா,

தொலைபேசியில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழித்தால்தான் உண்டு. கிழிப்பதற்கு முன் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

விமான நிலையத்துக்கு நீங்கள் வரவில்லை. கடைசி அழைப்பு வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஐம்பது வயதுப் பெண்பிள்ளை மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்பதைப் பார்த்து, சுற்றுலாக் கூட்டத்து மேபெல், "யாருடி வரலை, காதலனா?" என்று கேட்டாள். "காதலன்னா போடான்னு விட்டிருப்பேனே, இது எங்கப்பா" என்றேன்.

அம்மா என் கைப்பையில், அவளுடைய நீலப் பொத்தான் டப்பாவிலேயே இருக்கிறாள். சுங்க அதிகாரி டப்பாவைக் கையில் எடுத்து "என்னம்மா இது?" என்றார். "எங்கம்மா" என்றேன். மூடியைத் திறக்காமலே இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

நான் உங்களிடமிருந்து அவளைத் திருடவில்லை அப்பா. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவளேதான் கேட்டாள். "என்னைப் புதைக்காதீங்க, எரிச்சுடுங்க. பாதி உங்கப்பாகிட்ட இருக்கட்டும். பாதியைக் கொண்டுபோய் உங்கண்ணன் டுவேன் பக்கத்துல வச்சுடு. இருபத்தாறு வயசுல செத்தவன், ஜெர்மனியில ஒரு ஆள் இல்லாம கெடக்கான்." உங்களிடம் சொன்னால் தாண்டிக் குதிப்பீர்கள் என்று அவளுக்குத் தெரியாதா? அதனால்தான் என்னிடம் சொன்னாள். நானும் அதனால்தான் கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.

இங்கே எந்த ஊரில் இறங்கினாலும் வழிகாட்டி வயதைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார். பாலத்துக்கு எண்ணூறு வருஷம், மருந்துக்கடைக்கு நானூறு. நேற்றுத் தங்கிய விடுதியில் மாடிப்படிகள் நடுவில் குழிந்து கிடக்கின்றன. நம் அமெரிக்கா பிறக்கும் முன்பிருந்தே ஆட்கள் ஏறி இறங்கிய குழி. அதில் கால் வைத்ததும் எனக்கு நம் ஊர் கோல்பி ஃபோர்க்தான் ஞாபகம் வந்தது. நம்மிடம் எது பழசு? தானியக் கிடங்கு இரண்டு தடவை எரிந்து மூன்றாவதாகக் கட்டியது. தேவாலயத்தைச் சூறைக்காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டது. நம் ஊரில் பழசு என்றால் இடுகாடு ஒன்றுதான்.

ஆனால் அந்தப் படியைப் பார்த்ததில் எனக்கு ஒரு நிம்மதி. வெறும் மரப்படியையே இவ்வளவு காலம் கட்டிக் காப்பாற்றுகிறவர்கள் டுவேனையும் பத்திரமாகத்தான் வைத்திருப்பார்கள். வியாழக்கிழமை பேருந்துக் கூட்டத்தைவிட்டு இறங்கி, லிண்டன்மார்க் போய்விடுவேன். விடுதி முகவரி உறையில் இருக்கிறது.

சாப்பாட்டு மேசையில் நீங்களும் டுவேனும் பேசிக்கொள்ளாமல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தது நினைவிருக்கிறதா? கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு பேர். நடுவில் அம்மா. "டுவேன், அப்பா உப்பு கேக்கறார்." "ஏங்க, டுவேன் கேக்கறான், நாளைக்கு டிரக் அவனுக்கு வேணுமாம்." எனக்கும் உங்களுக்கும் நடுவிலும் அவள்தான் ஓடிக்கொண்டிருந்தாள். இப்போது அவள் இல்லை. காகிதம்தான் இருக்கிறது.

உங்கள்
ஆர்லீன்


கோல்பி ஃபோர்க், நெப்ராஸ்கா
22 செப்டம்பர் 1987

ஆர்லீன்,

கிழிக்கவில்லை. கிழித்தால் குப்பையை நான்தான் கூட்ட வேண்டும்.

சோளம் காய்ந்து நிற்கிறது. மழை வராமல் இருந்தால் அடுத்த வாரம் அறுவடை. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் சாப்பாடு கொண்டுவந்து தருகிறார்கள். எல்லாம் நூடுல்ஸும் பாலாடைக்கட்டியும்தான். அதைத் தின்றுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுப்பதே பெரிய வேலையாக இருக்கிறது.

கல்லறைக் கல் வெட்டுகிறவன் வந்தான். உன் அம்மா ஓபல் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர், 1910, ஒரு கோடு. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. "இப்பவே வெட்டிட்டா பின்னாடி ஒரு வருஷத்தை மட்டும் போட்டுக்கலாம் வெர்னன்" என்றான். "ஏன், உனக்கு ஏதாவது அவசரமா?" என்றேன். வெட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

ஐம்பத்திமூன்று வருஷம் என்னோடு முழுசாக இருந்தவளைப் பாதியாக்கி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

மாடிப்படி குழிந்துபோனால் பலகையை மாற்ற வேண்டியதுதானே? இதில் என்ன பெருமை என்று எனக்குப் புரியவில்லை.

போனதும் டுவேன் கல் நேராக நிற்கிறதா என்று பார். அவன் பெண்டாட்டி ஹெல்கா அந்தக் காலத்தில் அனுப்பிய புகைப்படத்தில் இடது பக்கம் சாய்ந்த மாதிரி எனக்குப் பட்டது. உன் அம்மா அதெல்லாம் இல்லை என்பாள். சாய்ந்திருந்தால் ஆளை வைத்து நிமிர்த்து.

அப்பா


லிண்டன்மார்க்
29 செப்டம்பர் 1987

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதம் வரும்வரை எனக்கு எழுத மனம் வரவில்லை. கல் நேராக நிற்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு விடுதிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன்.

கல்லே இல்லை அப்பா.

வந்த அன்றே பூ வாங்கிக்கொண்டு புகைப்படத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். மதிலை ஒட்டிய மூன்றாவது வரிசை, தண்ணீர்க் குழாய்க்கு எதிரே. இடம் அதேதான். ஆனால் வேறு ஒரு கல் பளபளவென்று நிற்கிறது. ஓட்டோ கேல் என்று பெயர். இந்த ஜனவரியில் செத்தவர். நான் வரிசை மாறி வந்துவிட்டேன் என்று நினைத்து இடுகாடு முழுக்கச் சுற்றினேன். ஏழெட்டு தலைமுறைப் பெயர்கள் இருக்கும் என்றுதானே நினைப்போம்? எல்லாக் கல்லும் நேற்று வைத்த மாதிரி இருக்கிறது. இந்த ஊரில் எல்லாவற்றையும்விட வயதில் சின்னது இடுகாடுதான்.

இடுகாட்டுக் காவலர் பெயர் அலோய்ஸ். உலகப் போரில் கைதியாகி நெப்ராஸ்காவில் பீட்ரூட் பிடுங்கிய மனிதராம், நம் பேச்சு நன்றாகவே வருகிறது. புகைப்படத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"இங்க இருபத்தஞ்சு வருஷம்தாங்க கணக்கு. அதுக்கப்புறம் சொந்தக்காரங்க வந்து நீட்டிக்கணும். யாரும் வரலைன்னா கல்லை எடுத்துட்டு அடுத்தவங்களுக்குக் குடுத்துருவோம். சின்ன ஊரு, மதிலுக்குள்ள எவ்வளவுதான் எடம் இருக்கும்?"

"யாருகிட்ட கேட்டு எடுத்தீங்க?"

"அந்தம்மா ஹெல்கா மறுகல்யாணம் பண்ணிக்கிட்டு ஆஸ்திரேலியா போயே ரொம்ப வருஷமாச்சு. கல்லுமேல சீட்டு ஒட்டினோம்ங்க, சொந்தக்காரங்க ஆபீசுக்கு வரவும்னு. ஒரு வருஷம் பூரா இருந்துச்சு. மழையில கிழிஞ்சுபோச்சு, நானே புதுசு ஒட்டினேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் இடுகாடு என்றும் பார்க்காமல் கத்தினேன். "நெப்ராஸ்காவுலேர்ந்து யாருய்யா வந்து படிப்பா உங்க சீட்டை? பாலத்துக்கு எண்ணூறு வருஷம், மாடிப்படிக்கு நானூறு வருஷம், எங்க அண்ணனுக்கு இருபத்தஞ்சா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "படியில தெனம் ஆளுங்க நடக்கறாங்கம்மா. அதனால வச்சிருக்கோம்" என்றார். "இங்க யாரும் வரலியே."

ஒவ்வொரு வருஷமும் போகலாம் என்றுதானே அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். அறுவடை வந்தது, மாடு கன்று போட்டது, உங்கள் முதுகுவலி வந்தது. இந்த மார்ச்சில் அவள் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு "டுவேன் பக்கத்துல" என்று என்னிடம் கேட்டபோது, டுவேன் இடத்தில் ஓட்டோ வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டிருக்கிறது.

டப்பா மேசைமேல் இருக்கிறது. இவளை எங்கே கொண்டுபோய் வைப்பேன் அப்பா?

ஆர்லீன்


கோல்பி ஃபோர்க்
7 அக்டோபர் 1987

ஆர்லீன்,

உடனே கிளம்பி வா. டப்பாவோடு வா. ஒரு சிட்டிகை சாம்பலைக்கூட அங்கே விட்டுவராதே.

அந்தக் கைதிப் பையன்கள் நம் பக்கம் பீட்ரூட் பிடுங்க வந்தபோது உன் அம்மா ஆப்பிள் பை செய்து கொடுத்தனுப்புவாள். நன்றாகத் தின்றார்கள். தின்றுவிட்டு ஊருக்குப் போய் என் பையன் தலைமேல் சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். அந்த அலோய்ஸிடம் இதைச் சொல். அப்படியே சொல்.

அவனைப் பட்டாளத்தில் சேர்த்து ஜெர்மனியில் போட்டார்கள், போனான். முடிந்ததும் திரும்பி வந்து நிலத்தைப் பார்த்திருக்க வேண்டியவன் ஹெல்கா அப்பனின் பட்டறையில் கார் கழுவ உட்கார்ந்தான். மோட்டார்சைக்கிளில் போய்ப் பாலத்தில் மோதினான். சரி. செத்தபிறகாவது இங்கே அனுப்புங்கள் என்றேன். "என் புருஷன், என் பக்கத்தில்தான் இருப்பான்" என்று எழுதினாள். இப்போது அவள் ஆஸ்திரேலியாவில். நன்றாக இருக்கட்டும்.

அந்த வருஷமே நான் இங்கே மூன்று இடம் வாங்கினேன். எனக்கு, ஓபலுக்கு, அவனுக்கு. என்றைக்காவது கொண்டுவரலாம் என்று. காலத்துக்கும் உங்களுடையது என்று பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சீட்டும் கிடையாது, கணக்கும் கிடையாது. நூற்றிரண்டு வருஷத்து ஊர்தான், வெட்கமில்லை. செத்தவனை எழுப்பிவிட்டு அடுத்தவனைப் படுக்கவைக்கிற பழைய ஊரைவிட இது மேல்.

வேறென்ன எழுத?

அப்பா


லிண்டன்மார்க்
14 அக்டோபர் 1987

அன்புள்ள அப்பா,

வரச் சொன்னீர்கள். வருவதற்கு முன் ஒன்று நடந்துவிட்டது, பொறுமையாகப் படியுங்கள்.

வேறு வேலை இல்லாமல் தினமும் காலையில் போய் அந்த ஓட்டோ கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் பூட்ஸ் காலோடு என் அண்ணன் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்ட மாதிரிதான் எனக்கு இருந்தது. திங்கட்கிழமை பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. குட்டையாக ஒரு அம்மாள், கையில் பச்சைப் பூவாளி. கேல் அம்மாள். ஓட்டோவின் மனைவி. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அலோய்ஸைக் கைதட்டிக் கூப்பிட்டார். அந்த அம்மாள் பேசியதையெல்லாம் அலோய்ஸ்தான் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்.

"தெனமும் வந்து எங்க வீட்டுக்காரரை மொறைக்கறியாமே? உயிரோட இருக்கும்போது ஒரு பொம்பளையும் அவரை இப்படிப் பாத்ததில்லையே!"

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் புகைப்படத்தை நீட்டினேன். அந்த அம்மாள் வெகுநேரம் அதைப் பார்த்தார்.

"இந்தப் பையன்தானா அது" என்றார். "பொண்ணே, உங்க அண்ணன் எங்கயும் போகலை. கீழதான் இருக்கான். தோண்டறப்ப கெடைச்சதை வெளிய எறிய மாட்டாங்க. இன்னும் ஆழமா குழி எடுத்து அதுல வச்சு மூடிட்டு, அதுக்கு மேலதான் இவரை எறக்கினாங்க. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

அலோய்ஸ் அதை எனக்குச் சொல்லி முடித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே, "நான்தான் வச்சேன். மம்பட்டியால இல்லீங்க, கையால" என்றார். நீங்கள் சொல்லச் சொன்ன ஆப்பிள் பை விஷயத்தை என்னால் சொல்ல முடியவில்லை அப்பா.

"அவனுக்குக் கீழ யாரு?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? யாராவது ஒரு ரொட்டிக்காரன். அவனுக்குக் கீழ அவனோட பாட்டன். அறுநூறு வருஷமா இதே எடம்தானே. எங்க ஆளு முப்பது வருஷம் பஸ் ஓட்டினவரு, நெரிசல் அவருக்குப் பழக்கம்தான்." பூவாளியைத் தூக்கி ஊற்றிக்கொண்டே சொன்னார், "பத்து மாசமா நான் ஊத்தற தண்ணி ரெண்டு பேருக்கும்தான் போகுது."

எனக்கு ஆறுதலாக இருந்ததா என்றால், இல்லை. பெயர் இல்லாமல் கிடக்கிறான். அது மாறப்போவதில்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் நம் வீட்டில் ஒருவர்கூட ஊற்றாத தண்ணீரை யாரோ ஒரு அம்மாள் ஊற்றியிருக்கிறார்.

அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அனுமதியில்லாமல் அஸ்தி புதைக்க இங்கே சட்டம் இடம் கொடுக்காது. நவம்பர் முதல் தேதி இவர்களுக்கு இறந்தவர்களைக் கும்பிடும் நாள். அதற்கு முந்தின நாள் எல்லாரும் வந்து குளிர்காலப் பூச்செடி நடுவார்கள். "செடி நடக் குழி எடுத்துத்தானே ஆகணும்? மண்ணோட என்ன கலந்துச்சுன்னு யாரு பாக்கறா?" என்றார் கேல் அம்மாள். அலோய்ஸ் அதை மொழிபெயர்த்துவிட்டு, "இந்த எடத்துல எனக்கு உங்க பாஷை சரியா வரலைங்க" என்று சொல்லி அந்தப் பக்கம் போய்விட்டார்.

அப்பா, பாதியை உங்களைக் கேட்காமல் எடுத்தேன். இதை உங்களைக் கேட்காமல் செய்ய மாட்டேன். பள்ளிச் சமையலறையில் விடுப்பை நீட்டிக்கச் சொல்லி எழுதிவிட்டேன். மாதக் கடைசி வரை உங்கள் பதிலுக்காகக் காத்திருப்பேன். வேண்டாம் என்றால் டப்பாவோடு வருகிறேன், ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

ஆர்லீன்


கோல்பி ஃபோர்க்
22 அக்டோபர் 1987

ஆர்லீன்,

உன் கடிதம் நேற்று வந்தது. படித்துவிட்டு இன்னொரு தடவை வேண்டாம் என்று எழுதுவதற்குத்தான் உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. டிரக்கை எடுத்துக்கொண்டு இடுகாட்டுக்குப் போனேன்.

கிளாரன்ஸ் மிஷினில் புல் வெட்டிக்கொண்டிருந்தான். "யாரும் இல்லாத எடத்துலதான் புல்லு நல்லா வளருது வெர்னன்" என்றான், டுவேனுக்கு வாங்கிய இடத்தைக் காட்டி. வேறு நாளாக இருந்தால் அவனை நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

முதல் வரிசைவரை நடந்து பார்த்தேன். ஊர் தொடங்கிய காலத்துக் கல் எல்லாம் குப்புற விழுந்து கிடக்கிறது. யார் என்றுகூடப் படிக்க முடியவில்லை. காலத்துக்கும் என்று எழுதித்தான் கொடுத்திருக்கிறார்கள். நம்மை எழுப்ப மாட்டார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். யாராவது வருவார்கள் என்று அதில் எழுதவில்லை. உனக்குப் பிள்ளை இல்லை. உனக்குப் பிறகு எங்களிடம் யார் வரப்போகிறார்கள்? கிளாரன்ஸ்தான். மிஷினோடு.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும் கல்லறைக்குப் பூ வைக்கிற நாளில் உன் அம்மா பியோனிப் பூ வெட்டிக்கொண்டு வருவாள். அவள் அப்பா அம்மாவுக்கு வைத்துவிட்டு, மீதியை டுவேனுக்கு வாங்கிய அந்த வெறும் புல்லில் வைப்பாள். நான் டிரக்கைவிட்டு இறங்க மாட்டேன். "அங்க யாரு இருக்கான்னு வைக்கறே?" என்பேன். "அவன் வர்ற வரைக்கும்" என்பாள். இந்த மே மாதம் பியோனி பூத்து அப்படியே உதிர்ந்தது. நான் வெட்டவில்லை.

அவன் வரப்போவதில்லை. அவள் போகட்டும்.

அந்த அம்மாள் செடி நடும்போது வைத்துவிடு. முழுசாக வை, டப்பாவில் மிச்சம் விடாதே. இருபத்தைந்து வருஷம் கழித்து அங்கே வேறொருவன் வந்து மேலே படுத்தால் படுக்கட்டும். ஓபலுக்குக் கூட்டம் பிடிக்கும்.

நான் முழுசாக இங்கேதான் கிடப்பேன். பெயரை வேறு வெட்டியாகிவிட்டது. என்னைப் பாதியாக்கிக்கொண்டு விமானம் ஏறாதே. எனக்கும் அவனுக்கும் இனி ஒரே மேசை கிடையாது. இருபத்தாறு வருஷமாக அது எனக்குத் தெரியும், யாரிடமும் சொன்னதில்லை. அவள் பாதி அங்கே இருக்கட்டும், பாதி இங்கே இருக்கட்டும். எங்கள் நடுவில் நின்று அவளுக்குப் பழக்கம்தான்.

அந்தக் காவலரிடம் ஆப்பிள் பை விஷயம் சொல்ல வேண்டாம். நன்றி சொல்.

அப்பா


லிண்டன்மார்க்
1 நவம்பர் 1987

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நேற்று மத்தியானம் வைத்துவிட்டேன்.

லேசான தூறல். ஊரே இடுகாட்டில்தான் இருந்தது. தண்ணீர்க் குழாய்க்கு வரிசை, ஒரு கிழவர் பூவாளிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கேல் அம்மாள் மண்டி போட்டுக் குழி எடுத்தார். செடி வைக்க அவ்வளவு ஆழம் தேவையில்லை. முழங்கைவரை எடுத்தார். பிறகு, "ஓட்டோ, கொஞ்சம் நகந்துக்கோ, விருந்தாளி வந்திருக்காங்க" என்று கல்லைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்து எனக்கு இடம் விட்டார். அலோய்ஸ் அதை எனக்கு மொழிபெயர்த்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆட்கள் வரும் பக்கமாக அகலமாக நின்றார். உங்கள் நன்றியைச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார்.

டப்பாவைக் கவிழ்த்தேன். மிச்சம் விடவில்லை. ஒரு சட்டைப் பொத்தான் அடியில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது, அதுவும் சேர்ந்து விழுந்தது. எடுக்கவில்லை.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று கேல் அம்மாள் சைகை காட்டினார். ஜெபம் ஒன்றும் எனக்கு ஞாபகம் வரவில்லை அப்பா. தேவாலயத்தில் படித்தது, அம்மா சொல்லிக்கொடுத்தது, எதுவுமே வரவில்லை. குனிந்து மண்ணில் கையை வைத்தேன். வாயில் வந்தது இதுதான்.

"டுவேன், அப்பா உப்பு கேக்கறார்."

அப்புறம் என்னால் எழுந்திருக்கவே முடியவில்லை. அவ்வளவு அழுகை. கேல் அம்மாளுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது, அவரும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

இன்று மாலை எல்லாக் கல்லறையிலும் சிவப்பு விளக்கு ஏற்றினார்கள். நம் இடத்தில் மூன்று விளக்கு. தான் இருக்கும்வரை மூன்றாகவே ஏற்றுவதாகக் கேல் அம்மாள் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் யார் என்று நான் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை சாயங்காலம் ஒமாஹா விமான நிலையத்தில் இறங்குகிறேன். "ஆர்லீன் வர்றா, போய்க் கூட்டிட்டு வாங்க" என்று உங்களிடம் சொல்ல அம்மா இல்லை. அதனால் நானே கேட்கிறேன். வந்துவிடுங்கள் அப்பா.

ஆர்லீன்